எத்தனை நாள் வேணும் சார்?

கண்காணிப்புக் கேமரா பொருத்த வருகிற பையன்கள் எல்லோரும் கடைசியில் ஒரு கேள்வி கேட்பார்கள். எத்தனை கேமரா, எந்தெந்த மூலை, வயர் எந்த வழியாகப் போகும் என்பதெல்லாம் பேசி முடித்து கொட்டேஷன் எழுதும் நேரத்தில், "பேக்கப் எத்தனை நாள் வேணும் சார்?" என்பார்கள். பதிவான காட்சி அழியாமல் எத்தனை நாள் இருக்க வேண்டும் என்று அர்த்தம். பெரும்பாலும் யாரும் யோசித்துப் பதில் சொல்வதில்லை. பதினஞ்சு நாள். ஒரு மாசம். பட்ஜெட் இடித்தால் ஒரு வாரம். ஹார்ட் டிஸ்க், அதாவது பதிவைச் சேமிக்கும் வட்டு, ஒரு டெராபைட்டா (ஆயிரம் ஜிகாபைட்), இரண்டா, நான்கா என்பது அந்தப் பதிலில் முடிவாகிவிடும். சில மாதங்களாக அந்தக் கேள்வி என்னை விட மாட்டேன் என்கிறது. அது செலவுக் கணக்கு மட்டும் இல்லை என்று எனக்கு உறுதியாகப் படுகிறது. ஏன் என்று எழுதிப் பார்க்கிறேன்.

தரவுச் சேமிப்பின் தேவை ஏன் இப்படி ஏறுகிறது என்று எழுதுகிறவர்கள் செயற்கை நுண்ணறிவு, மருத்துவ ஸ்கேன், வங்கிப் பரிவர்த்தனை, ஓடிடி என்று வரிசைப்படுத்துவார்கள். எல்லாம் உண்மைதான். சிறுசேரியிலும் அம்பத்தூரிலும் எழும்பி நிற்கும் தரவு மையங்கள் அதற்குச் சாட்சி. ஆனால் அவற்றின் உள்ளே என்ன இருக்கிறது, எவ்வளவு நாள் இருக்கும் என்பதில் உங்களுக்கும் எனக்கும் எந்தப் பேச்சும் கிடையாது. டீக்கடைக்காரரும், டியூஷன் சென்டர் நடத்துகிறவரும், கல்யாண மண்டப மேலாளரும் தாங்களே சென்னையின் மின்னணுச் சந்தையான ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குப் போய் டெராபைட் கணக்கில் வட்டு வாங்கி வருவது கண்காணிப்புக் கேமராவுக்காகத்தான். சேமிப்பைப் பற்றிச் சாமானியர் முடிவெடுக்கும் இடம் அது. அதனால்தான் அதைப் பிடித்துக்கொள்கிறேன்.

எழுதிக்கொண்டே இருக்கும் வட்டு

கணக்கு எளிது. ஒரு கேமரா நொடிக்கு 2 மெகாபிட் வீதம் எழுதுகிறது என்று வைத்துக்கொள்வோம் (எட்டு பிட் ஒரு பைட்). ஒரு நாளைக்கு 21.6 ஜிகாபைட். ஒரு மாதத்துக்கு ஏறக்குறைய 650 ஜிகாபைட். ஒரு சின்ன அடுக்ககத்தில் எட்டு கேமரா இருந்தால் மாதத்துக்கு 5 டெராபைட்டுக்கு மேல். 2013-இல் வந்த எச்.265 சுருக்க முறை, தரம் குறையாமல் அளவை ஏறக்குறையப் பாதியாக்கியது. மிச்சமான இடத்தை யாரும் மிச்சம் பிடிக்கவில்லை. இரண்டு மெகாபிக்சல் கேமராவைக் கழற்றிவிட்டு நான்கு மெகாபிக்சல் மாட்டினார்கள், பெருக்குகிற அம்மாவின் பேச்சும் கேட்கட்டும் என்று மைக் வைத்தார்கள். வட்டு பழையபடி நிறைந்தது.

இதற்கென்றே தனி ஹார்ட் டிஸ்க் விற்கிறது. வெஸ்டர்ன் டிஜிட்டலின் ஊதா லேபிள் வட்டு, சீகேட்டின் ஸ்கைஹாக். வீட்டுக் கணினியில் போடுகிற வட்டுக்கும் இதற்கும் வேலை வேறு. கணினி வட்டு ஒரு பிழை வந்தால் நின்று, திரும்பத் திரும்ப முயன்று, அந்தத் துண்டைச் சரியாக எடுக்கப் பார்க்கும். கேமரா வட்டு அப்படி நின்றால் அடுத்தடுத்த காட்சிகள் விட்டுப்போகும். அதனால் ஒரு புள்ளி கெட்டாலும் பரவாயில்லை, எழுத்து நிற்கக் கூடாது என்று அதை அமைத்திருக்கிறார்கள். இருபத்து நான்கு மணி நேரமும், வருஷம் முழுக்க, எழுதுவதுதான் அதன் பிரதான வேலை. எழுதியதைப் படிப்பது எப்போதாவது. நிறைந்ததும் பழைய நாளின் மேல் புதிய நாளை எழுதும். பொருத்துகிற பையன்கள் அதை ஓவர்ரைட் என்பார்கள். உலகத்தில் மனிதன் பதிவு செய்கிற காட்சிகளில் மிகப் பெரும்பங்கு, எந்தக் கண்ணும் பார்க்காமலே இப்படி அழிகிறது என்பதை நினைத்தால் எனக்குத் திகைப்பாக இருக்கிறது.

சென்னைக்கு இது எப்படி வந்தது என்பது இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். 2016 ஜூனில் நுங்கம்பாக்கம் ரயில் நிலையத்தில் மென்பொருள் ஊழியர் சுவாதி கொல்லப்பட்டபோது அந்த நிலையத்தில் ஒரு கேமராகூட இல்லை. போலீசார் பக்கத்துத் தெரு வீடுகளின் பதிவுகளைத்தான் தேடி எடுத்தார்கள். அதன் பிறகு சென்னைக் காவல் துறையின் 'மூன்றாவது கண்' திட்டம், ஐம்பது மீட்டருக்கு ஒரு கேமரா, வணிகர் சங்கங்களும் குடியிருப்போர் சங்கங்களும் கைக்காசு போட்டு வாங்கிக் கொடுத்தவை. 2021 தொடக்கத்தில் ஒரு வி.பி.என். (இணையத்தில் அடையாளத்தை மறைக்க உதவும் சேவை) நிறுவனம் வெளியிட்ட பட்டியலில் சதுர கிலோமீட்டருக்கு 657 கேமராவுடன் சென்னை உலகத்திலேயே முதலிடம். மொத்தம் 2.8 லட்சம் என்பது அவர்கள் கணக்கு. என் 21.6 ஜிகாபைட்டை அதோடு பெருக்கினால் ஒரு நாளைக்கு 6 பெட்டாபைட், அதாவது 6,000 டெராபைட். பதினைந்து நாள் வைத்திருந்தால் 90 பெட்டாபைட். இது எந்தத் தரவு மையத்திலும் இல்லை. கல்லாப்பெட்டிக்கு மேலே, மீட்டர் பாக்ஸுக்குப் பக்கத்தில், தூசி படிந்த சின்னச் சின்னப் பதிவுப் பெட்டிகளில் ஊர் முழுக்கச் சிதறிக் கிடக்கிறது.

கீரைக்கார அம்மா

எங்கள் தெரு முனையில் ஒரு அம்மா விடியற்காலையில் கீரைக்கட்டு இறக்கி வைப்பார். ஒரு நாள் இருட்டு விலகாத நேரம், வளைவில் வந்த கார் அவரை இடித்துவிட்டு நிற்காமல் போய்விட்டது. தொடை எலும்பு முறிவு. மகன் பெயிண்டிங் வேலைக்குப் போகிறவன். முதல் சில நாட்கள் ஆஸ்பத்திரியிலேயே போயின. பிறகு புகார், ரசீது, மறுபடி ஆஸ்பத்திரி. அவன் கேமராவைத் தேடி வந்தபோது பத்து நாளைத் தாண்டியிருந்தது. எங்கள் அடுக்ககத்துக் கேமரா அந்த வளைவைப் பார்க்காது. எதிரில் இருக்கும் கடையின் கேமரா நேராகப் பார்க்கும். கடையில், "ஏழு நாள்தான் தம்பி இருக்கும், அதெல்லாம் அழிஞ்சிருக்கும்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

அந்தக் காட்சி கிடைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று தெரிந்துகொள்ள வேண்டும். இடித்த வண்டி எது என்று தெரியாவிட்டால், 2022 ஏப்ரலில் இருந்து நடைமுறையில் இருக்கும் மத்திய அரசுத் திட்டப்படி பலத்த காயத்துக்கு 50,000 ரூபாய், உயிரே போனால் 2 லட்சம். அவ்வளவுதான். வண்டி எண் தெரிந்தால் மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். சிகிச்சைச் செலவு, வேலை செய்ய முடியாத மாதங்களின் வருமானம், நிரந்தர ஊனம் என்று ஒவ்வொன்றுக்கும் காப்பீட்டு நிறுவனம் பதில் சொல்ல வேண்டும். நடுவே இருக்கும் வித்தியாசம் ஒரு குடும்பம் கடனில் விழுவதா, நிமிர்வதா என்பது. அந்த வித்தியாசம் சில நொடிக் காட்சியில் இருந்தது.

எங்களுக்கும் அந்தக் கடைக்கும் கேமரா பராமரிப்பவர் ஒரே ஆள்தான். அடுத்த முறை வந்தபோது பேச்சுவாக்கில் கேட்டேன், அங்கே அவ்வளவு சின்ன வட்டா என்று.

"இல்ல சார், நாலு டிபி போட்டிருக்கு. பாதிகூட நிறையாது. ஓனர்தான் ஏழு நாள் வைக்கச் சொன்னாரு. எக்ஸ்பைரி செட்டிங் இருக்கு, அதுல ஏழுன்னு போட்டா டிஸ்க்ல இடம் இருந்தாலும் தானா அழிஞ்சிடும்."

"எதுக்கு அப்படி?"

"இருந்தா ஆளாளுக்குக் கேட்டு வருவாங்க சார். அப்புறம் ஸ்டேஷன், கோர்ட்டுன்னு யாரு அலையறது."

அவர் பெட்டியைத் திறந்து தூசி ஊதிக்கொண்டே சாதாரணமாகச் சொன்னார். வாங்கிய இடம் பாதி காலியாக இருக்க, ஏற்கெனவே எழுதப்பட்டுவிட்ட ஒரு சாட்சி, ஒரு எண்ணைத் தட்டிவிட்டதால் இல்லாமல் போயிருக்கிறது. சேமிப்புக்கு இடம் போதவில்லை என்பதுதான் இந்தத் தொழிலின் ஓயாத புலம்பல். இங்கே இடம் தாராளமாக இருந்தது.

ஒரு டெராபைட், ஒரு நாள்

இதைக் கேட்ட அன்றிரவு எனக்கு நினைவுக்கு வந்தது சாத்தான்குளம். 2020 ஜூன் 19 இரவு அந்தக் காவல் நிலையத்தில், போலீசார் அடித்ததில் உயிரிழந்த தந்தை ஜெயராஜுக்கும் மகன் பென்னிக்ஸுக்கும் என்ன நடந்தது என்பதைத் தமிழ்நாட்டில் யாருக்கும் நான் சொல்ல வேண்டியதில்லை. நான் மறக்க முடியாமல் வைத்திருப்பது அதற்குப் பின் வந்த ஒரு அறிக்கையின் ஒரு விவரம். உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தானாகவே வழக்கை எடுத்து, கோவில்பட்டி நீதித்துறை நடுவரை விசாரிக்க அனுப்பியது. அவர் நிலையத்துக்குப் போய்க் கேமராப் பதிவைக் கேட்டார். ஜூன் 19-ஆம் தேதிப் பதிவு இல்லை. ஹார்ட் டிஸ்க்கில் ஒரு டெராபைட் அளவுக்குப் போதிய இடம் இருந்தும், அன்றன்றைய பதிவு தினமும் தானாக அழிந்துவிடும்படி செட்டிங் வைக்கப்பட்டிருந்தது என்று அவர் உயர் நீதிமன்றத்துக்கு எழுதினார்.

அந்த வரியில் நான் பலமுறை நின்றிருக்கிறேன். கேமரா இல்லை என்றால் அதை ஏழ்மை என்று சொல்லலாம். கேமரா கெட்டுப்போயிருந்தால் அசிரத்தை என்று சொல்லலாம். இங்கே கேமரா இருந்தது, ஓடியது, வட்டு எழுதியது, இடமும் இருந்தது. மேலே சொன்ன கணக்கில் பார்த்தாலும், ஒரு டெராபைட் ஒற்றைக் கேமராவுக்கு ஒன்றரை மாதம் தாங்கும். எட்டு கேமராவானாலும், குறைந்த தரத்தில் நொடிக்கு அரை மெகாபிட் எழுதினால் மூன்று வாரம் தாங்கும். தினமும் அழிக்க வேண்டிய அவசியம் எந்தப் பெட்டிக்கும் இல்லை. யாரோ ஒருவர் மெனுவுக்குள் போய், எண்ணைத் தேர்ந்தெடுத்து, சேமி என்று அழுத்தினால் ஒழிய அது நடக்காது. எப்போது, யார் சொல்லி என்பது வேறு விஷயம். ஒரு லாக்-அப் இருக்கும் கட்டடத்தில் நேற்று நடந்தது இன்று இருக்கக் கூடாது என்பது ஒரு ஏற்பாடாகவே இருந்திருக்கிறது. அந்த ஏற்பாட்டின் நடுவே இரண்டு மனிதர்கள் உள்ளே போனார்கள்.

அதே வழக்கில் இன்னொரு பதிவு பிழைத்தது. இருவரும் தங்கள் கடை முன்னால் தரையில் உருண்டு புரண்டதால் உள்காயம் பட்டது என்று முதல் தகவல் அறிக்கை சொன்னது. கடைத்தெருக் கேமரா ஒன்றின் பதிவு வெளியே வந்தபோது அப்படி எதுவுமே அதில் நடக்கவில்லை. தனக்குச் சம்பந்தமில்லாத யாரோ ஒருவர் வைத்திருந்த பெட்டி உண்மையைக் காப்பாற்றியது. காக்கக் கடமைப்பட்ட பெட்டி காக்கவில்லை. பதிவு யார் கையில் இருக்கிறது என்பதும், எத்தனை நாள் இருக்கும் என்பதும் ஒரே கேள்வியின் இரண்டு பாதிகள் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது.

அதே ஆண்டு டிசம்பர் 2-ஆம் தேதி, பரம்வீர் சிங் சைனி வழக்கில் உச்ச நீதிமன்றம் எல்லாக் காவல் நிலையங்களிலும் கேமரா வைக்க உத்தரவிட்டது. நுழைவாயில், லாக்-அப், தாழ்வாரம், ஆய்வாளர் அறை, கழிப்பறைக்கு வெளிப்புறம், பின்பக்கம் என்று இடங்களைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டது. இரவிலும் தெரிய வேண்டும், ஒலியும் பதிவாக வேண்டும், 18 மாதம் வைத்திருக்க வேண்டும், வசதி இல்லை என்றாலும் ஒரு வருஷத்துக்குக் குறையக் கூடாது. ஒரு நிலையத்துக்குப் பதினான்கு கேமரா என்று வைத்தால் 18 மாதத்துக்கு 165 டெராபைட் ஆகிறது. 1,500 நிலையங்கள் என்று வைத்துக்கொண்டால் தமிழகத்துக்கு மட்டும் ஏறக்குறைய 250 பெட்டாபைட். பெரிய தொகைதான். சேமிப்பு நிறுவனங்களுக்கு நல்ல வியாபாரம்தான். நான் வரி கட்டும் பணம் ஒரு வட்டுக்குப் போக வேண்டும் என்றால் அது இந்த வட்டுக்குப் போகட்டும் என்று மனமார நினைக்கிறேன்.

ஆனால் அந்த உத்தரவிலேயே எனக்கு உறுத்துகிற ஒன்று இருக்கிறது. கேமரா ஓடுவதற்கும், பதிவைப் பத்திரப்படுத்துவதற்கும் பொறுப்பு நிலைய அதிகாரிக்குத்தான். மேற்பார்வைக் குழுக்கள் உண்டு, ஆனால் பெட்டி அவர் கட்டடத்தில். 2025 ஜூனில் திருப்புவனம் அருகே மடப்புரம் கோவில் காவலாளி அஜித்குமார் போலீஸ் பிடியில் இறந்தபோது, நாம் பார்த்தது எந்த அரசுக் கேமராவின் பதிவையும் அல்ல. கோவில் ஊழியர் ஒருவர் மறைவாக நின்று செல்போனில் எடுத்த சில நொடிக் காட்சியை. அந்தச் செப்டம்பரில், ராஜஸ்தான் காவல் மரணங்கள் பற்றிய ஒரு பத்திரிகைச் செய்தியை வைத்து உச்ச நீதிமன்றம் நிலையங்களில் கேமரா வேலை செய்யாததைத் தானாகவே வழக்காக எடுத்தது. சைனி தீர்ப்புக்கு ஏறக்குறைய ஐந்து வருஷம் கழித்து.

யாருக்கு எத்தனை நாள்

எங்கள் அடுக்ககச் சங்கச் செயலாளர் வங்கியில் கிளை மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். இந்தப் பேச்சை எடுத்தபோது அவர் சொன்னார், 2016 பணமதிப்பிழப்பின்போது நவம்பர் 8 முதல் டிசம்பர் 30 வரையிலான கிளைப் பதிவுகளை அழிக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி உத்தரவு வந்ததை. 2021-இல் லாக்கர் விதிகளைத் திருத்தியபோது, லாக்கர் அறைக்குப் போகிற வருகிற வழியின் பதிவை 180 நாளாவது வைத்திருக்க வேண்டும் என்று எழுதிவிட்டார்கள். நகை வைத்திருக்கிறவர் நான்கு மாதம் கழித்து வந்து பார்த்துக் கேட்டாலும் பதில் இருக்க வேண்டும் என்பதற்காக. வாக்குச்சாவடிப் பதிவுகளுக்குத் தேர்தல் ஆணையம் 2025 மே மாதம் சொன்ன கணக்கு 45 நாள். அதற்குள் தேர்தல் வழக்குத் தொடரப்படாவிட்டால் அழித்துவிடலாம். அதற்கு முந்தைய டிசம்பரில்தான் விதியைத் திருத்தி, அந்தப் பதிவுகளைப் பொதுமக்கள் கேட்டுப் பார்க்க முடியாதபடி செய்திருந்தார்கள். பார்க்க முடியாத பதிவை வைத்து 45 நாளில் வழக்குக்கு ஆதாரம் திரட்டச் சொல்வது எனக்கு நியாயமாகப் படவில்லை.

லாக்கர் வைத்திருப்பவருக்கு 180. வாக்காளருக்கு 45. காவல் நிலையத்துக்குள் இழுத்துச் செல்லப்படுகிறவருக்குக் காகிதத்தில் 18 மாதம். கீரைக்கார அம்மாவுக்கு ஏழு. ஆஸ்பத்திரிப் படுக்கையில் இருக்கும் ஒருவர் எழுந்து வந்து கேட்க எத்தனை நாள் ஆகும் என்று எண்ணிப் பார்த்து வைத்த எண் எதுவும் இதில் இல்லை. பணம் உள்ளவர் கேட்பதற்கு நேரம் கொடுத்திருக்கிறோம். மற்றவர்களின் நேரத்தை வட்டின் விலையோ, கடைக்காரரின் அலுப்போ முடிவு செய்கிறது.

அப்படியானால் எல்லாவற்றையும் எப்போதைக்குமாக வைத்திருக்கலாமே என்று தோன்றும். எங்கள் கூட்டத்திலேயே ஒருவர் சொன்னார், கிளவுடில் போட்டால் ஒரு வருஷம்கூட இருக்கும் என்று. இரண்டாவது மாடியில் வேலை செய்யும் அக்கா அன்றைக்குக் கூட்டத்துக்கு நாற்காலி போட வந்திருந்தார். கதவோரமாக நின்றவர், "நான் எத்தன மணிக்கு வரேன், போறேன், யாருகூட போன்ல பேசுறேன்னு ஒரு வருஷம் வச்சிருந்து என்ன சார் பண்ணுவீங்க?" என்றார். அங்கே இருந்த யாரிடமும் பதில் இல்லை. நீண்ட நாள் சேமிப்பு என்பது அவரைப் பொறுத்தவரை ஒரு வருஷ வேவு. அந்தக் கூட்டத்தில் பேசியவர்களில் பெட்டிக்குள் அதிகம் பதிவாகிறவர் அவர்தான், பெட்டியைத் திறக்க உரிமையே இல்லாதவரும் அவர்தான். நாட்களைக் கூட்டுவது மட்டும் நியாயம் ஆகாது என்று எனக்குக் காட்டியவர் அவர்.

அதனால் எங்கள் அடுக்ககத்தில் இடத்துக்கு ஏற்ப நாளைப் பிரித்தோம். தெருவையும் வாசலையும் பார்க்கும் கேமராக்களுக்கு 60 நாள். ஒரு கேமராவைத் தெரு வளைவு தெரியும்படி திருப்பி வைத்தோம். மாடித் தாழ்வாரங்களுக்கு ஏழு நாள், மைக் கிடையாது. லிஃப்டுக்குப் பக்கத்தில் பலகை வைத்து, எந்தக் கேமராப் பதிவு எத்தனை நாள் இருக்கும், யாரிடம் கேட்க வேண்டும் என்று தமிழில் எழுதினோம். தெருவில் போகிறவரும் கேட்கலாம். கேட்டு ஒரு நோட்டில் எழுதிவிட்டால், கொடுப்பதா வேண்டாமா என்று முடிவாகும் வரை அந்த நாளின் பதிவைத் தனியாக எடுத்து வைத்துவிட வேண்டும், ஓவர்ரைட் ஆக விடக் கூடாது. எடுக்கும்போதே, பதிவு பிறகு மாற்றப்படவில்லை என்று காட்டும் ஹாஷ் எண்ணையும் குறித்துவிடச் சொன்னார் செயலாளர். 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவுச் சான்றிதழில் அதைக் கேட்கிறார்கள். செலவு, கூடுதலாக ஒரு எட்டு டெராபைட் வட்டு. வீட்டுக்கு வீடு பிரித்தபோது யாரும் முணுமுணுக்கவில்லை.

எதிர்க் கடையில் போய்ப் பேசினோம். ஏழு நாளை முப்பது நாளாக்க ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். காவல் துறையிடம் பதிவைக் கொடுக்கும்போது கடைக்காரரை அலையவிடாமல் ஒரே முறையில் சான்றிதழோடு வாங்கிக்கொள்ள வழி இருந்தால் இன்னும் பலர் ஒப்புக்கொள்வார்கள் என்று நினைக்கிறேன். அவர்களுடைய பயம் உண்மையானது. அதைத் தீர்க்காமல் அவர்களை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை.

எங்களுக்குள் முடியாமல் நிற்பது ஒன்று. நாட்களை மாற்றும் அட்மின் பாஸ்வேர்ட் செயலாளரிடம் மட்டும் இருக்கிறது. இரண்டு பேரிடம் பாதிப் பாதியாக இருக்க வேண்டும், அதில் ஒருவர் நிர்வாகக் குழுவில் இல்லாதவராக இருக்க வேண்டும் என்று நான் கேட்டிருக்கிறேன். அவருக்கு அது தன்னை நம்பாததுபோல் வருத்தம். நல்ல மனிதர், அவர் எதையும் அழிக்க மாட்டார் என்று எனக்குத் தெரியும். அவருக்குப் பிறகு அந்த நாற்காலிக்கு வருகிறவரை எனக்குத் தெரியாது. அடுத்த கூட்டத்திலும் இதையேதான் கேட்கப்போகிறேன்.